கயிறு பிடித்தவளின் கூறு

வலையை இழுக்க இரண்டு பேர் குறைவாக இருந்தார்கள்.

கண்டக்குழிக் கரையில் அல்பொன்சாவின் கரைவலைக்கு இருபத்துநான்கு பேர் வேண்டும். ஒரு கயிற்றுக்குப் பன்னிரண்டு பேர். வள்ளம் விடியும்போதே வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. இரண்டு கயிறுகளின் நுனிகளும் மணலில் கிடந்தன. முதல் நாள் மாலை வரை வருவதாகச் சொன்ன அண்ணன் தம்பி இருவரை ஆலங்குடாவில் ஒரு விடுதிக்காரர் காலையில் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார். டிராக்டரில் பூட்டி இழுக்கக் கூடாது என்று ஆனபிறகு, இல்லாத கைகளுக்குப் பதிலாக வைக்க வேறொன்றும் இல்லை.

நாங்கள் இரண்டு பேர் கோப்போடு நின்றோம். றுமைஸா ராத்தா கடற்றொழில் பரிசோதகர், புத்தளம் நகரத்துக்காரி. நான் அதே அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஊர் உடப்பு. அக்கா என்று கூப்பிட்டால் அவளுக்கு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்குமாம். அதனால் அவள் வீட்டுத் தங்கச்சிமார் சொல்வதுபோல் ராத்தா என்றே நானும் பழகிவிட்டேன்.

நாங்கள் போனது பாட்டைப் பார்வையிட. பாடு என்றால், ஒரு வலைக்கென்று பதிவு செய்யப்பட்ட கரைத்துண்டு. அந்த இடத்தில் அந்த வலையைத் தவிர வேறு எதுவும் வர முடியாது. அல்பொன்சாவின் பாட்டுக்கு இருபுறமும் இருந்த காணிகளை ஒரு ஹோட்டல் கம்பனி வாங்கி முடித்திருந்தது. நடுவில் இந்தத் துண்டு மட்டும் மிச்சம். இதற்கு முன் இரண்டு தடவை அதிகாரிகள் வந்தபோதும் வலை இழுபடவில்லை. ஒரு தடவை கடல் கொந்தளிப்பு, மறு தடவை ஊரில் ஒரு சாவு. மூன்றாவது தடவையும் இழுபடாவிட்டால் பாவனையில் இல்லை என்று பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அல்பொன்சா சம்மாட்டி. புருஷன் செத்தபிறகு வலையும் வள்ளமும் பாடும் அவள் பெயருக்கு வந்தன. அறுபதை நெருங்கிய, குரல் கூடிய பெண். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வடக்குக் கயிற்றின் கடைசியில் போய் நின்றாள்.

"சம்மாட்டி கயிறு பிடிக்கிறா. இண்டைக்கு மழைதான்" என்றான் சாள்ஸ். அவள் வலையில் தலையாள் அவன்தான்.

"வாயால இழுக்கிறதெண்டா உன்ன ஒருத்தனே காணுமடா. கையப் போடு."

அப்படியும் தெற்குக் கயிற்றில் ஒரு ஆள் குறைந்தது. அரை மணித்தியாலம் இழுத்தார்கள். நீரோட்டம் தெற்கே வாங்கியது. தெற்குக் கயிறு ஒரு முழம் வந்தால் இரண்டு முழம் திரும்பப் போனது. அந்தப் பக்கம் கடலுக்குள் பாறை இருக்கிறது. வலை அங்கே போனால் கிழிந்துவிடும். இழுப்பவர்களின் குதிகால்கள் மணலில் நீளமான கோடுகளைப் போட்டபடி கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. கரையே மெதுவாக வழுக்கித் தண்ணீருக்குள் இறங்குவதுபோல எனக்குத் தோன்றியது.

றுமைஸா ராத்தா கோப்பை என்னிடம் நீட்டினாள்.

"இதப் பிடி."

"ராத்தா, நோன்பு."

"நோன்பு வயித்துக்குத்தானே. கைக்கில்லையே."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்த் தெற்குக் கயிற்றைப் பிடித்தாள். நான் இரண்டு கோப்புகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நானும் போயிருக்கலாம். அன்று அது எனக்குத் தோன்றவேயில்லை.

பதினொரு மணிக்கு வலையின் மடி, மீன் சேரும் பை, கரைக்கு வந்தது. பெரிய பிடி இல்லை, சூடையும் காரலும், கொஞ்சம் பாரைக்குட்டியும். மீன் வியாபாரிக்குப் போக வேண்டியது போனபிறகு, மிச்சத்தை மணலில் கூறு போட்டார்கள். அந்தக் கரையில் அதுதான் வழக்கம்: முதலிலிருந்து மடி வரும் வரை கயிற்றை விடாமல் பிடித்தவருக்கு ஒரு கூறு. யார், எந்த ஊர், எதற்கு வந்தவர் என்று கேட்பதில்லை. ராத்தா நடுவில் வந்தவள் என்றாலும், அவள் வந்தபிறகுதான் வலை அசைந்தது என்று சாள்ஸ் சொன்னான். எல்லாரும் ஓம் என்றார்கள். இருபத்துநான்கு கூறுகள் விழுந்தன.

"மிஸ், இது உங்கட" என்றாள் அல்பொன்சா.

"எனக்கு அரசாங்கம் சம்பளம் தருது. நான் எடுக்கப்படாது."

"அரசாங்கம் எழுதுறதுக்குத் தருது. கயிறு பிடிக்கவுமா தருது?"

"அல்பொன்சாக்கா, எனக்கு இது சரிவராது. குறை நினைக்காதீங்க."

"நீங்க எடுக்காட்டி நாங்க உங்கட வேலையக் களவெடுத்த மாதிரியெல்லோ. நாளைக்கு இந்த வலை என்னெண்டு கடலுக்குப் போகும்?"

ராத்தா சிரித்துக்கொண்டே கையைக் கும்பிடுவதுபோல் வைத்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. நாங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துவிட்டோம். அந்த ஒரு கூறு மணலில் கிடந்தது. திரும்பிப் பார்த்தபோது அதைச் சுற்றி எல்லாரும், தவறு செய்துவிட்ட பிள்ளைகளைப்போல நின்றார்கள்.

பின்னேரம் சாள்ஸ் அந்தக் கூறை ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் பின்னேரங்களில் புத்தளம் தெருக்களில் மீன் விற்பவன். எல்லார் வீட்டுப் படலையும் அவனுக்குத் தெரியும். நோன்பு வீடு என்பதால் துப்புரவாக்கி வெட்டியே கொண்டுபோயிருந்தான். ராத்தா வீட்டில் இல்லை. அவளுடைய உம்மா வாங்கிப் பொரித்துவிட்டார். நோன்பு துறந்து, கஞ்சி குடித்து, மீனும் சாப்பிட்ட பிறகுதான், "கண்டக்குழியில இருந்து ஒரு பொடியன் தந்துட்டுப் போனான், மிஸ்ஸுட கூறாம்" என்று உம்மா சொன்னாராம்.

ராத்தா உடனே எனக்குப் போன் எடுத்தாள்.

"திண்டுட்டன் அனுஜா."

"தெரியாமத்தானே."

"தெரியாம எண்டாலும் வயித்துக்குள்ளதானே இரிக்கி."

அடுத்த நாள் அவள் அறிக்கையைக் கொடுத்தாள். வலை இழுக்கப்பட்டது, பாடு பாவனையில் உள்ளது என்று எழுதியிருந்தாள். குறிப்புப் பகுதியில், ஆள் குறைவாக இருந்ததால் தானும் கயிறு பிடித்ததாகவும், அதற்காக ஒரு கூறு மீன் தன் வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகவும், அதைத் தான் உண்டதாகவும் எழுதியிருந்தாள்.

எங்கள் அலுவலகத் தலைவர் தனஞ்சயன் சேர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"இதை ஏன் எழுதினீங்க?"

"நடந்தது சேர்."

"நடந்ததெல்லாம் எழுதுறதெண்டா கடதாசி காணாது பிள்ள. முதல் பந்தி காணும். மற்றதைக் கிழிச்சுப்போட்டு வேற எழுதித் தாங்க."

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அவர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ராத்தா வேறு எழுதிக் கொடுக்கவில்லை. அறிக்கை அப்படியே மேலே போனது. பத்து நாளில் பெயரில்லாத ஒரு முறைப்பாடு வந்தது. கூடவே ஒரு படம்: முக்காட்டை இறுக்கிக் கட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, றுமைஸா ராத்தா கயிற்றை இழுக்கிறாள். யாரோ பக்கத்துக் காணியிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

விசாரணைக்குக் குருநாகலிலிருந்து எக்கநாயக்க என்ற ஓய்வுபெற்ற அதிகாரி வந்தார். சிங்களத்தில் ஐயா என்பதற்கு மாத்தயா என்போம். மெலிந்த மனிதர். தேநீரைத் தன் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார். எங்கள் பியோன் கொண்டுவந்து வைத்த கோப்பையை, கையால் மெல்ல மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சாட்சிகள் தங்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும், அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொல்ல ஒருவர் வேண்டும். சிலாபத்தில் படித்ததால் அலுவலகத்தில் என் சிங்களம்தான் நல்லது என்று தனஞ்சயன் சேர் என்னைப் போட்டார். நான் அன்று கரையில் நின்றவள் என்று சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார்.

அல்பொன்சா கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள். தலவிலத் திருவிழாவுக்குப் போவதுபோல் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். வாசலில் ராத்தாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்லோணும் மிஸ்?"

"நடந்ததச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

உள்ளே போகும்போது என் காதருகில் குனிந்தாள்.

"அந்தாள் தேத்தண்ணியத் தள்ளி வெச்சத நான் கண்டன். ஒரு வாய் குடிக்காத மனிசன் என்னெண்டு பிள்ள எங்கட ஞாயத்தக் கேக்கும்?"

ஆனால் அவர் கேட்டார். நிதானமாக, ஒவ்வொரு பதிலையும் தானே கையால் எழுதிக்கொண்டு கேட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ராத்தா சுவரோரம் இருந்தாள்.

"அதிகாரி மீன் கேட்டாரா?"

"கேக்கேல்ல. குடுத்தும் வாங்கேல்ல. நாங்கதான் அனுப்பினம்."

"நல்ல அறிக்கை எழுதுவார் என்று அனுப்பினீர்களா?"

அல்பொன்சா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"மாத்தயாட்டச் சொல்லு பிள்ள. எழுதுறதுக்குக் குடுக்கிறதெண்டா ஒரு கூறு காரலையா குடுப்பன்? பாரையெல்லோ குடுத்திருப்பன்."

நான் அதைச் சொன்னபோது எக்கநாயக்க மாத்தயா முதன்முறையாகச் சிரித்தார். பேனாவை வைத்துவிட்டு, பிளாஸ்கின் மூடியில் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். தன் ஊரில் வயல் வெட்டும்போது அயலார் வந்து கை கொடுப்பார்கள் என்றும், அவர்கள் சோறு சாப்பிடாமல் போனால் வயல்காரனுக்கு அது அவமானம் என்றும் சொன்னார். தன் அப்பா அப்படிப் போன ஒருவரின் பின்னால் சோற்றுப் பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாராம். நான் தமிழில் சொன்னேன். அல்பொன்சா தலையை ஆட்டினாள்.

"அப்ப விளங்குது மனிசனுக்கு" என்றாள்.

அறை லேசானது. சுவரோரம் ராத்தா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. இது முடிந்துவிட்டது, பாடு தப்பிவிட்டது என்று நினைத்தேன். யன்னலுக்கு வெளியே களப்பின் தண்ணீர் வெயிலில் தகரம் விரித்ததுபோல் கிடந்தது. ஒரு நிமிடம் எல்லாரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்றுகூடத் தோன்றியது.

அவர் விசாரணைக் கோப்பினை மூடப் போனவர், மறுபடி திறந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த அதிகாரி கயிறு பிடிக்காவிட்டால் வலை கரைக்கு வந்திருக்குமா?"

நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அல்பொன்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நேரமும் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவள்போல முகம் மலர்ந்தது. ராத்தாவைப் புகழ அவளுக்குக் கிடைத்த இடம் அது.

"எங்க வாறது? வந்தேயிராது. வலை பாறைக்குப் போயிருக்கும். மிஸ் பிடிச்சபடியாத்தான் வந்தது. அவ இல்லாட்டி இண்டைக்கு எனக்கு வலையும் இல்ல, பாடும் இல்ல. வடிவாச் சொல்லு அவருக்கு."

பார்வையிட வந்த அதிகாரி பிடித்ததால்தான் வலை வந்தது என்றால், அன்று வலையை இழுத்தது பாட்டுக்காரர் இல்லை. அப்படியானால் அறிக்கை நிற்காது. இந்த ஒரு பதிலோடு எல்லாம் போய்விடும். ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. சொல் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நான் அதை என் விருப்பப்படி வாசித்துக்கொண்டேன்.

"வந்திருக்கும் என்று சொல்கிறார்" என்றேன் சிங்களத்தில். "கொஞ்சம் பிந்தியிருக்கும். அவ்வளவுதான்."

எக்கநாயக்க மாத்தயா எழுதத் தொடங்கினார். பேனா கடதாசியில் உரசும் சத்தம் கேட்டது. பிந்தியிருக்கும் என்பதற்கு நான் சொன்ன சிங்களச் சொல் பரக்கு. சந்தையில் வண்டி பிந்தினால், ஐஸ் பிந்தினால், மீன் எடுக்கிற முதலாளி பிந்தினால் சொல்கிற சொல். முப்பது வருஷமாக மீன் விற்றவளுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்குமா? அதை நான் நினைக்கவில்லை.

"நே மாத்தயா" என்றாள் அல்பொன்சா.

அவர் நிமிர்ந்தார்.

"பரக்கு நே. மிஸ் நெத்தங் தெல என்னே நே. என்னெம நே." பிந்துவது இல்லை, மிஸ் இல்லாவிட்டால் வலை வராது, வரவே வராது. உடைந்த சிங்களம்தான், ஆனால் ஒரு பிழையும் இல்லாமல் விளங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏன் பிள்ள மாத்திச் சொல்லுறாய்? நான் இஞ்ச பொய் சொல்லவா வந்தனான்?"

எக்கநாயக்க மாத்தயா பேனாவின் மூடியைப் போட்டார்.

"அவர் முதலில் சொன்னதும் இதுதானா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம்" என்றேன். அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் அவருக்கு விளங்கியது.

அவர் கோபப்படவில்லை. அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதிய வரியின்மேல் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு இழுத்து வெட்டினார். முன்னால் இருந்த நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். காரல், பாரை, கேட்கவில்லை, வாங்கவில்லை. எல்லாம் என் வாய் வழியாகப் போய் அங்கே உட்கார்ந்திருந்தவை.

"இதில் எது இந்த அம்மா சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று இனி எனக்கு எப்படித் தெரியும், மகள்?" என்று கேட்டார்.

மற்றதெல்லாம் உண்மை என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியிருக்கவும் கூடும். ஆனால் அவர் நம்புவதை எழுதுகிறவர் இல்லை, எழுதக் கூடியதை எழுதுகிறவர். பிளாஸ்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெளியே மாடிப் படியில் ராத்தா என்னோடு இறங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட முன்னாலயே கேட்டிருந்தா வேணாமெண்டிருப்பன்" என்றாள். "அதனாலதான் நீ கேக்கல்ல."

"நான் உங்களுக்காகத்தான்."

"தெரியும். தெரியாட்டி எனக்குச் சுகம்."

முடிவு ஏப்ரலில் வந்தது. சிங்களத்தில் ஆறு பக்கம். மீன் கொடுத்தது அந்தக் கரையின் வழக்கம் என்றும், அதில் இலஞ்ச நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்றும் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில், பார்வையிட்ட அதிகாரியோடு அன்று கரையில் இருந்த அதே அலுவலகத்து உத்தியோகத்தரே முக்கியமான ஒரு பதிலை மாற்றிச் சொன்னதால், அந்தப் பார்வையிடல் பற்றி அவ்வலுவலகம் தந்த எந்தக் கூற்றையும் ஏற்க முடியாதுள்ளது என்று இருந்தது. மூன்றாவது பார்வையிடல் இரத்து. பருவம் முடிந்துவிட்டது, அடுத்த பருவத்துக்கு முன் பதிவுப் பட்டியலை மூடியாக வேண்டும். பாடு நீக்கப்படுகிறது.

றுமைஸா ராத்தாவுக்குக் கிழக்கே, கடலே இல்லாத ஓர் ஊரில் குளத்து மீன் பிரிவுக்கு இடமாற்றம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். பொய் சொன்னது நான்தான். குறைந்த தண்டனையும் எனக்குத்தான் கிடைத்தது. ஏன் என்று தனஞ்சயன் சேரிடம் கேட்டேன். "அவ அறிக்கைல கையொப்பம் வெச்சவ. நீங்க வாயாலதானே சொன்னீங்க" என்றார். பிறகு, அல்பொன்சாவுக்கான கடிதத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வாசித்து விளங்கப்படுத்தி, கையொப்பம் வாங்கி வரச் சொன்னார். பரிசோதகர் இடம் வெற்றிடமாக இருந்ததால் அதுவும் என் வேலையானது.

நான் போனபோது பக்கத்துக் காணியிலிருந்து ஆட்கள் சிமெந்துத் தூண்களை மணலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் காற்றுப் பட்டத்தில் தொங்கியபடி தண்ணீரின்மேல் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அல்பொன்சா வலைக் குடிசையின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சாள்ஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் எழும்பி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூசி தட்டிப் போட்டாள். தேத்தண்ணி குடிக்கிறியா என்று கேட்டாள். நான் உட்காரவில்லை. கடிதத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் முதலில் சிங்களத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீக்கப்படுகிறது என்ற சொல்லைக் கடதாசியைப் பார்த்தபடியே சொன்னேன். அதை மறுபடியும் சொன்னேன்.

"மிஸ்ஸுக்கு ஒண்டும் வரேல்லயே?" என்றாள்.

"மாத்திட்டாங்க. தூரத்துக்கு."

"நான் அவவப் பத்தி நல்லதெல்லோ சொன்னன்."

"ஓம்."

"ஒண்டும் மறைக்கேல்ல. ஒண்டும் கூட்டேல்ல. அதுக்கு என்னெண்டு பாடு போகும்?" அவள் என் கையில் இருந்த கடதாசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்களில் ஒன்று மெல்ல மாறியது. கோபம் என்றால் நான் தாங்கியிருப்பேன்.

"பிள்ள, குறை நினைக்காத" என்றாள். "சாள்ஸுக்கும் கொஞ்சம் சிங்களம் வாசிக்கத் தெரியும்."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி அவனிடம் கொடுத்தாள். அவன் கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து, முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான்.